தூங்க விடாதீங்க

உயிரைக் காப்பாற்றினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் வேலையில், காப்பாற்றப்பட்டவன் கண்ணைத் திறந்ததும் முதலில் என் அம்மாவைத்தான் வம்புக்கு இழுப்பான். இத்தனை வருஷத்தில் ஒருத்தன்கூட நன்றி சொன்னதில்லை. சிலர் அடித்திருக்கிறார்கள். ஒருத்தன் என் சட்டை மேலேயே வாந்தி எடுத்துவிட்டு, "நீ நல்லாயிருப்பியாடா?" என்று கேட்டான்.

யாவ்ஷாங் பண்டிகையின் இரண்டாம் நாள் காலையில் சனாஜாவும் அதையேதான் கேட்டான்.

அன்று எங்கள் பேட்டையே கிளப் மைதானத்தில் கிடந்தது. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. கயிறு இழுக்கும் போட்டிக்குக் கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது போயாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். சனாஜாவின் கூட்டாளி. அவனும் ஊசி குத்திக்கொள்கிறவன்தான்.

"இங்கோசா அண்ணே! சனாஜாவ் நீலமாயிட்டான். சீக்கிரம் வாங்க."

"எங்க?"

"குளத்துக்குப் பின்னாடி, மூங்கில் புதர்ல. நான் தண்ணி ஊத்தினேன், கன்னத்துல அறைஞ்சேன். அசையல அண்ணே."

ஓடினோம். சனாஜாவ் மூங்கில் வேரில் தலையைச் சாய்த்துக் கிடந்தான். இருபத்து மூன்று வயது. உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. பக்கத்திலேயே ஊசி. நாலாம் நம்பர். எங்கள் ஊரில் ஹெராயினுக்கு அதுதான் பெயர், காய்கறி பெயரைச் சொல்வது போலச் சொல்வோம். தலையை நிமிர்த்தி, மூக்கை அடைத்து, வாயில் வாய் வைத்து ஊதினேன். பையில் இருந்தது ஒரே ஒரு நலாக்ஸோன் குப்பி. உடைத்து, ஊசியில் இழுத்து, தொடையில் பேண்ட்டுக்கு மேலேயே குத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தூக்கிப்போட்டது. கண் திறந்தது. அடுத்தது வாய்.

"எவன்டா எழுப்பினது?"

"நான்தான்."

"ஒனக்கு என்னடா கேடு? மொத்த போதையும் போச்சு. நல்லாயிருப்பியாடா நீ?"

"நல்லாத் திட்டு. ஆனா இங்கயே உக்காந்து திட்டு. எந்திரிச்சுப் போன, கால ஒடிச்சிடுவேன்."

ஏன் அவனை உட்காரச் சொன்னேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் எங்கள் ஊரில் பிணம் விழுகிறது. மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தில் பொடிப்பொடி இருக்கைகள் உண்டு. புத்தகத்தில் ஏற்பி என்று போட்டிருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா இருக்கை என்றுதான் சொன்னார், நானும் அப்படியே சொல்கிறேன். நாலாம் நம்பர் போய் அந்த இருக்கைகளில் உட்கார்ந்துகொண்டால் 'மூச்சு விடு' என்ற உத்தரவு அடங்கிப்போகும். நலாக்ஸோன் அதே இருக்கைக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது. வந்ததும் நாலாம் நம்பரைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து ஒரு வேலையும் செய்யாது. சும்மா இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். செத்தவன் எழுந்து உட்காருவது அதனால்தான். இருந்த போதையெல்லாம் ஒரே நொடியில் பிடுங்கப்பட்டு, உடம்பு முழுக்க நோவு எடுப்பதால்தான் எழுந்தவன் காறித் துப்புகிறான்.

ஆனால் நலாக்ஸோன் சீக்கிரம் எழுந்து போய்விடும். ஒரு மணி நேரம், சில நேரம் அதுகூட இல்லை. தள்ளிவிடப்பட்ட நாலாம் நம்பர் எங்கேயும் போய்விடவில்லை. எல்லை ஊரான மோரேவுக்குப் போகிற நெரிசல் வண்டியில் நின்றுகொண்டே வருகிற ஆள் மாதிரி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இருக்கை காலியானதும் திரும்ப உட்காரும். மூச்சு மறுபடி நிற்கும். அதனால் எழுந்தவனைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கையில் இன்னொரு குப்பியோடு. என் கையில் இன்னொன்று இல்லை. போன மாதமே மேலிடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "யாவ்ஷாங் முடியட்டும் இங்கோசா, அனுப்பி வைக்கிறோம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. சாகிறவன் பண்டிகை முடியட்டும் என்று காத்திருப்பானா? கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்.

சனாஜாவ் முழு மூச்சாகத் திட்டிக்கொண்டிருந்தபோது பெண்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர், முகத்தில் பண்டிகைச் சாயம் காயாமல். முன்னால் வந்தவள் ஈமா லந்தோனி. ஈமா என்றால் அம்மா. எங்கள் ஊரில் பெரிய மனுஷிகள் எல்லோருக்கும் ஈமாதான். இவள் சனாஜாவுக்கு நிஜமாகவே அம்மா. மூத்த மகன் இதே நாலாம் நம்பரில் போய்ச் சேர்ந்த பிறகுதான் தீப்பந்தத்தைக் கையில் எடுத்தாள். இப்போது, ராத்திரியில் தீப்பந்தம் ஏந்தித் தெருக்காவல் போகிற பேட்டைப் பெண்களுக்கு இவள்தான் தலைவி. குடிகாரனையும் ஊசிக்காரனையும் தெருவில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பாள். போலீஸ்காரனே இவளைக் கண்டால் தொப்பியைச் சரி செய்துகொள்வான்.

வந்தவள் மகனைப் பார்க்கவில்லை. என் பையைப் பார்த்தாள்.

"இதோ நிக்கிறான் பாருங்கடி, ஊசி சப்ளை பண்றவன்."

"ஈமா, நான் குடுக்கிறது புது ஊசி. ஒரே ஊசிய பத்துப் பேர் குத்தி நோய் வாங்கக் கூடாதுன்னு குடுக்கிறேன்."

"நீ குடுக்கலன்னா இவனுங்க எதால குத்துவானுங்க? வெரலாலயா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி என் பையைப் பிடுங்கிக் குளத்தில் வீசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"பை போனாப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேளுங்க. இவனத் தூங்க விடாதீங்க. இப்ப நல்லாத்தான் இருப்பான். கொஞ்ச நேரத்துல திரும்ப மூச்சு நிக்கும். நான் போய் மருந்து எடுத்துட்டு வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க."

"எனக்குப் பாடம் எடுக்காத. மூத்தவனப் பாத்துக் கரை கண்டவ நான்."

"கரை கண்டீங்களா? அப்படியே விட்டுட்டு…"

வாய் வரை வந்ததை விழுங்கினேன். விழுங்கியிருக்க வேண்டியதில்லை. சண்டை போட்டாவது புரியவைத்திருக்கலாம். ஆனால் அவள் முகத்துக்கு நேரே யாரும் அப்படிப் பேசியதில்லை, எனக்கும் அன்று வரவில்லை.

சனாஜாவ் தன் காலிலேயே நடந்தான், அம்மாவையும் என்னையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு. இப்படி நடக்கிறவன், இப்படிப் பேசுகிறவன் சாகப்போகிறான் என்று சொன்னால் எவள் நம்புவாள்? கிளப்பின் பின்பக்கம் பந்தும் வலையும் போட்டுவைக்கிற அறை இருக்கிறது. ஊசிக்காரர்களை அங்கேதான் அடைப்பார்கள். உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்கள். பூட்டு கிடையாது. பூட்டு வேண்டியதும் இல்லை. ஈமா லந்தோனி தன் பழைய ஃபனெக் ஒன்றைக் கொண்டுவந்து நிலைப்படிக்கு மேலே குறுக்காகக் கட்டினாள்.

பெண்கள் இடுப்பில் சுற்றுகிற துணிதான் ஃபனெக். ஆனால் அதன் கீழே எங்கள் ஆண்பிள்ளை எவனும் நுழையமாட்டான். நுழைந்தவன் விளங்கமாட்டான் என்று சொல்லித்தான் எங்களை வளர்க்கிறார்கள். கொடியில் காய்கிற ஃபனெக்கைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிற சாதி நாங்கள். வெளியே இருக்கிற கூட்டாளி உள்ளே போகமாட்டான், உள்ளே இருப்பவனும் வெளியே வரமாட்டான். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! அறைக்குள் யாராவது ஒருத்தர் அவனோடு இருக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு, ஊசிக்காரர்களுக்குப் புது ஊசியும் மருந்தும் கொடுக்கிற எங்கள் மையத்துக்குப் போனேன். பண்டிகை விடுமுறை, பூட்டிக் கிடந்தது. சாவி எங்கள் கணக்காளரிடம். அவர் கயிறு இழுக்கப் போயிருந்தார். எந்த மைதானம் என்று யாருக்கும் தெரியவில்லை. சந்துக்குச் சந்து பொடிசுகள் கயிறு கட்டி மறித்து, பண்டிகைக் காசு கொடுத்தால்தான் விடுவோம் என்று நின்றன. திட்டிக்கொண்டே ஓட்டினேன். கடைசியில் மையத்தின் பின்ஜன்னலை உடைத்தேன். மருந்து அலமாரியைத் திறந்தால் ஆணுறை பெட்டி பெட்டியாக இருந்தது. மூச்சு நின்றவனை எழுப்பிய பிறகு என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சுவரொட்டி கட்டுக்கட்டாக இருந்தது. நலாக்ஸோன் ஒரே ஒரு குப்பி. அதையும் ஒரு புது ஊசியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

பெண்கள் அறைக்கு எதிரே மர நிழலில் உட்கார்ந்து சிங்ஜு தின்றுகொண்டிருந்தார்கள். முட்டைக்கோசையும் மிளகாயையும் பிசைந்த வாசனை எட்டவே வந்தது. போயாயும் கிளப் செயலாளரும் தூரத்தில் நின்றார்கள். ஈமா லந்தோனி முகம் அதற்குள் இளகியிருந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாத. தூங்குறான்."

"என்ன?"

"எத்தன நாளாச்சு தெரியுமா இவன் ஒழுங்காத் தூங்கி? ராத்திரியெல்லாம் எங்கயோ திரிவான். இப்பப் பாரு, சின்னப் பிள்ள மாதிரி. குறட்டகூட விட்டான்."

சைக்கிளை அப்படியே கீழே போட்டேன்.

"விட்டான்னா? இப்ப விடலையா?"

"இப்ப நின்னுடுச்சு. நிம்மதியாத் தூங்குறான்."

"ஐயோ ஈமா! அது தூக்கமில்ல! கதவத் தொறங்க!"

"தொறக்க மாட்டேன். தொறந்தா ஓடுவான்."

"எங்க ஓடுவான்? சுடுகாட்டுக்கா? அந்தத் துணிய அவுத்து எறிங்க!"

அந்தத் துணி என்று சொல்லியிருக்கக் கூடாது. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி, "யாரப் பாத்து என்ன பேசுற?" என்று முன்னால் வந்தாள். செயலாளர் தூரத்திலிருந்தே, "இங்கோசா, மரியாதையாப் பேசு. பொழுது சாயற வரைக்கும் கட்டியிருக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க" என்றார். ஈமா லந்தோனி நிலைப்படிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள்.

"போயாய்! வாடா! உன் கூட்டாளிதானே, வந்து கதவத் தொற!"

போயாய் ஃபனெக்கை நிமிர்ந்து பார்த்தான். ஊசி குத்தப் பயப்படாதவன், போலீஸுக்குப் பயப்படாதவன், தன் மூத்திரத்தால் ஊசியைக் கழுவுகிறவன், ஒரு முழத் துணியைப் பார்த்து எச்சில் விழுங்கினான்.

"அண்ணே… அது மட்டும் வேணாம்ணே."

எனக்கு எல்லோர் மேலும் வெறுப்பு வந்தது. அந்தத் துணி மேல், அதைக் கட்டியவள் மேல், பயந்து நிற்கிற தடிமாடுகள் மேல், உள்ளே கிடக்கிறவன் மேல். ஈமாவின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். பெற்ற தாய் வயதுப் பெண்ணை, எல்லோரும் பார்க்க. தாழ்ப்பாளை இழுத்தேன். தலையைக் குனியக்கூட இல்லை. ஃபனெக் என் நெற்றியிலும் முகத்திலும் உரசிக்கொண்டு போக, உள்ளே நுழைந்தேன். பின்னால் பெண்கள் 'ஐயோ' என்று கத்தியது கேட்டது. சனாஜாவ் சாகிறான் என்பதற்கு அல்ல. நான் நுழைந்துவிட்டேன் என்பதற்கு.

கால்பந்து வலை மேல் படுத்திருந்தான். முகம் சாம்பல். மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன், மூச்சில்லை. கழுத்தில் நாடி மட்டும் மெல்லத் துடித்தது. குப்பியை உடைக்க இரண்டு கையும் வேண்டும். ஊதவும் ஆள் வேண்டும்.

"ஈமா! உள்ள வாங்க! அழுவறதுக்கு இல்ல, ஊத!"

அவள் வாசலில் நின்று மகனைப் பார்த்தாள். தூங்குகிற முகம் இல்லை அது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தலைய நிமுத்துங்க. மூக்கப் பிடிங்க. வாயில வாய் வச்சு ஊதுங்க. நெஞ்சு ஏறணும். ஏறலன்னா திரும்ப ஊதுங்க!"

ஊதினாள். நெஞ்சு ஏறியது. "அப்படித்தான். இன்னொண்ணு. நிறுத்தாதீங்க." அவசரமாகக் குப்பியை உடைத்ததில் கண்ணாடி விரலைக் கிழித்தது. ரத்தத்தோடு ரத்தமாக மருந்தை இழுத்துத் தோளில் குத்தினேன். அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். கன்னச் சாயம் அவன் வாயெல்லாம் அப்பியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒலிபெருக்கியில் யாரோ ஜெயித்ததாகச் சொல்லிக் கை தட்டினார்கள்.

சனாஜாவ் இருமினான்.

"எவ… இது?" என்றான். பிறகு கண் தெளிந்து, "நீயா? பொம்பளையாடி நீ?" என்று தொடங்கி, பெற்றவளைச் சொல்லக்கூடாத வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னான். ஈமா கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்க. திட்டட்டும். திட்டுறவரைக்கும் மூச்சு இருக்கு. என்கிட்ட இனிமே மருந்து இல்ல, புரியுதா? இந்த ஊரிலயே இல்ல! ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் இவன் வாய் மூடக் கூடாது. கண்ணு சொருகினாக் கிளறி விடுங்க. கோவம் வர்ற மாதிரி எதையாவது சொல்லுங்க. அதுதான் ஒங்களுக்கு நல்லா வருமே!"

அவள் எழுந்து போய் நிலைப்படியில் கட்டியிருந்த ஃபனெக்கை ஒரே இழுப்பில் பிய்த்துக் கீழே போட்டாள். "வாங்கடா, வந்து தூக்குங்க" என்றாள். அப்புறம்தான் ஆம்பிளைகளுக்குக் கால் வந்தது.

ஓட்டப்பந்தயத்துக்காகப் பெரிய சாலையை அடைத்திருந்தார்கள். செயலாளர் பிடித்துக்கொண்டு வந்த மீன் வண்டி வயல் பாதையில் சுற்றிக்கொண்டு போனது. பின்னால் ஈரப்பலகையில் சனாஜாவ், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, எதிரே நானும் போயாயும். அவன் கண் சொருகும். அவள் தொடங்குவாள்.

"அக்கா கல்யாணத்துக்கு வச்சிருந்த பித்தளப் பானைய வித்தவன்தானேடா நீ?"

"அது ஓட்டப் பானை," என்பான் கண்ணைத் திறக்காமல்.

"ஓட்டையா? உன் வாயிதான்டா ஓட்ட! என் தறிக்கட்டைய எங்க கொண்டு போய் வச்ச?"

"ஒனக்குத்தான் நெய்யவே வராதே."

"திருட்டு நாயே!"

"நீ பெத்த நாய்தானே."

போயாய் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி போனதும் எல்லோர் முன்னாலும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். 'தூங்க விடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?' என்று தொடங்க வேண்டும்.

அவள் மகன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"மூத்தவனும் குறட்ட விட்டான், இங்கோசா."

நான் நிமிர்ந்தேன்.

"அதே ரூம்லதான். அன்னிக்கும் உங்க ஆளு ஒருத்தன்தான் ஊசி போட்டு எழுப்பினான். எந்திரிச்சு இவன மாதிரியே என்னத் திட்டினான். ஊசி போட்டவன் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒண்ணும் சொல்லல. அப்புறம் மூத்தவன் தூங்கினான். நான் வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். குறட்ட நின்னதும் அப்பாடான்னு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிச்சேன். எந்திரிச்சா பசிக்கும்னு."

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. போயாய் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

"இதயம் நின்னு போச்சுன்னு சொன்னாங்க. பலவீனமா இருந்தான்னு சொன்னாங்க. எந்திரிச்சவனுக்குத் திரும்ப மூச்சு நிக்கும்னு காலையில நீ சொன்னியே. அத அன்னிக்கு எங்கிட்ட யாரும் சொல்லல."

சேர்த்துவைத்த வார்த்தைகளை யாரிடம் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சைக்கிள்காரன் எங்கள் மையத்து ஆள். சுவரொட்டி கட்டுக்கட்டாக அலமாரியில் கிடக்கிறது, அவளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில். நானும் இன்று காலையில் ஒரு வரி சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தவன்தான். ஆத்திரம் அப்படியே இருந்தது, அவளை மட்டும் விட்டு நகர்ந்திருந்தது.

"இங்கோசா." இப்போது என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு நான் அவனத் தட்டி எழுப்பியிருந்தா?"

எனக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டாள்.

"ஈமா, இவனப் பாருங்க," என்றேன். "கண்ணு சொருகுது."

அவள் குனிந்து அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"டேய். தூங்காத. என்னத் திட்டுடா. எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

அவன் திட்டினான்.